கேள்விக்குறி போட்ட மீன்



சந்திப்பு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழு நண்பர் போன் செய்தபோது, "பழைய கலாட்டா ஏதாவது எழுதுப்பா. ஹாஸ்டல் சாம்பார் மட்டும் வேண்டாம். அதை ஏற்கெனவே ஆறு பேர் எழுதியாச்சு" என்று எச்சரித்தார். சாம்பாரை விட்டுவிட்டேன். நான் எழுதப்போவது ஒரு மீனைப் பற்றி. பயப்பட வேண்டாம், மீன் குழம்பு இல்லை. கடல் கடந்து ஆட்கள் தேடி வந்து, தூண்டிலில் பிடித்து, எடை பார்த்து, மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போன மீன். அதில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. அது பெருமைப்படும்படியான பங்கு இல்லை என்பதால்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

ஜன்னலோர அலமாரி

நம் விலங்கியல் லேபில், ஜன்னலோரமாக ஒரு கண்ணாடி அலமாரி இருக்குமே, நினைவிருக்கிறதா? மேல் தட்டில் பாம்புகள், நடுத்தட்டில் தவளை, பல்லி, கீழ்த்தட்டில் மீன்கள். ஃபார்மலின் வாசனையில் மதியச் சாப்பாடே இறங்காது. அந்தக் கீழ்த்தட்டில் ஒரு முழ நீளத்தில் ஒரு கெண்டை மீன் சாடிக்குள் வளைந்து கிடக்கும். பெரிய பெரிய செதில், தடித்த உதடு. லேபிளில் மூன்றே வரி: "டார். மாயாறு, தெங்குமரஹாடா. இனம்?"

அந்தக் கேள்விக்குறியைப் போட்டவர் எங்கள் பேராசிரியர் ஐயா. நாங்கள் படித்தது 1975 முதல் 78 வரை. பிராக்டிகல் பரீட்சையில் அந்தச் சாடியை ஸ்பாட்டராக வைத்தார்கள். நான் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன் என்ற நினைப்பில் "டார் குத்ரீ" என்று அடித்து எழுதிவிட்டேன். ஐயா என்னைக் கூப்பிட்டு, "எப்படிப்பா இவ்வளவு நிச்சயமா எழுதினே?" என்று கேட்டார். "தெற்கத்திய ஆறுகள்ல இருக்கிற மாசீர் அதுதானே சார், புத்தகத்துல போட்டிருக்கே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "புத்தகத்துல போட்டிருக்கு. மீன்மேல எழுதியிருக்கா? தெரியாததைத் தெரியலைன்னு எழுதுறதுக்கும் ஒரு தைரியம் வேணும்ப்பா."

அரை மார்க் குறைத்தார். அந்த அரை மார்க்கின் அர்த்தம் புரிய எனக்கு நாற்பது வருஷம் ஆனது.

ராஜா காலத்துத் தூண்டில்

மாசீர் என்பது கெண்டை வகையைச் சேர்ந்த பெரிய ஆற்று மீன். நம் பக்கத்தில் பொம்மீன் என்றும் சொல்வார்கள். பாறையும் மடுவும் சுழலுமாக ஓடுகிற மலை ஆறுகள்தான் அதன் வீடு. மழைக்காலத்தில் வெள்ளத்தை எதிர்த்து மேலேறிப் போய் முட்டையிடும்.

பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் 'மானசோல்லாசம்' என்று ஒரு வடமொழி நூல் செய்தான். ராஜாக்களின் கேளிக்கைகளில் ஒன்றாக மீன் விளையாட்டை அதில் வைத்து, தூண்டில் கோல், கயிறு, எந்த மீனுக்கு என்ன இரை என்றெல்லாம் விவரமாகச் சொல்லியிருக்கிறான்.

வெள்ளைக்காரர்களில் இதற்கு அடித்தளம் போட்டவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. தென் கன்னட மாவட்டத்தில் வேலை பார்த்தபோது ஆறுகளைச் சுற்றி அலைந்து, 1873-ல் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தை வெளியிட்டார். இங்கிலாந்தில் ஆற்று மீன்களுக்கெல்லாம் ராஜா என்று கொண்டாடப்படும் சால்மனோடு மாசீரைத் தராசில் வைத்து, தூண்டிலில் போராடுவதில் மாசீர் ஒன்றும் இளைத்ததல்ல என்று வாதாடினார். அதைப் படித்துவிட்டுத்தான் எத்தனையோ துரைமார்கள் தூண்டில் கோலைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்றால் மிகையாகாது.

தாமஸ் வெறும் விளையாட்டுக்காரர் மட்டுமில்லை. கண்ணி சிறுத்த வலைகளால் குஞ்சு குளுவான்களைக்கூட அரித்து எடுப்பதைப் பார்த்துக் கவலைப்பட்டு அரசாங்கத்துக்கு எழுதினார். அதே காலத்தில் மீன்வள ஆய்வு அதிகாரியாக இருந்த டாக்டர் ஃபிரான்சிஸ் டேயும் அதையே எழுதினார். கடைசியில் 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. தோட்டா வெடித்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைத் தடை செய்தது அந்தச் சட்டம்தான். தடை செய்தது என்று எழுதுகிறேனே தவிர, தோட்டாச் சத்தம் நின்றபாடில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

காவிரிக்கு வந்தவர்கள்

மாசீர் இமயமலை ஆறுகளிலும் உண்டு. ஆனால் பெரிய மீன் என்றால் காவிரிதான். 1946-ல் மைசூரைச் சேர்ந்த ஜே. டி வெட் வான் இன்ஜென் என்பவர் கபினியில் பிடித்த மாசீர் 120 பவுண்டு எடை, அதாவது 54 கிலோவுக்கு மேல். வேட்டையாடிய விலங்குகளைப் பாடம் செய்து கொடுப்பதில் பேர் போன குடும்பம் அவருடையது. கபினி வேறு எங்கும் போய்விடவில்லை, திருமகூடலு நரசீபுரத்தில் வந்து காவிரியில்தான் கலக்கிறது.

சுதந்திரம் வந்தது, துரைமார்கள் கப்பலேறினார்கள். அணைகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1902-லேயே சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். பிறகு கிருஷ்ணராஜசாகர் வந்தது, 1934-ல் நம் மேட்டூர் வந்தது, 1970களில் கபினியும் அணைக்குள் அடங்கியது. அணை நமக்குச் சோறு போட்டது, அதை மறுக்க முடியாது. ஆனால் மேலேறிப் போய் முட்டையிட வேண்டிய மீனுக்கு அது தாண்ட முடியாத சுவர். காவிரி மாசீர் கதை முடிந்தது என்றுதான் வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் நினைத்திருந்தார்கள்.

1977-78ல் இங்கிலாந்திலிருந்து மூன்று இளைஞர்கள் மாசீரைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். சிவசமுத்திரத்துக்குக் கீழே, காடும் பாறையுமாக ஆறு ஓடும் பகுதியில் பெரிய மீன்கள் இன்னும் இருப்பதைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார்கள். கண்டுபிடித்தார்கள் என்பது அவர்கள் பாஷை. கரையில் இருந்த பரிசல்காரருக்கு அது எப்போதும் தெரிந்த சங்கதிதானே!

அதற்கு முன்பே, 1972-ல், பெங்களூரில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. அவர்கள் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, தோட்டாக்காரர்கள் உள்ளே வராமல் காவல் போட்டார்கள். காவலுக்கு யாரை வைத்தார்கள் தெரியுமா? தோட்டா போட்டுப் பழகியவர்களையே! திருடன் கையில் சாவியா என்று கேட்கலாம். ஆனால் அது பலித்தது. 1980-ல் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் வந்தது. பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமக்கலி என்று ஆற்றங்கரையில் முகாம்கள் நடந்தன. இங்கிலாந்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பிடித்த மீனை உயிரோடு விட்டுவிட வேண்டும் என்பது விதி.

ராகி உருண்டை

நான் படிப்பை முடித்து, மீனை மறந்து, பாங்கில் சேர்ந்தேன். 1986-ல் கொள்ளேகாலத்துக்கு மாற்றல். கொள்ளேகாலம் தாலுகா 1956 வரை நம் கோயம்புத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது என்பது இளைய தலைமுறையினர் பலருக்குத் தெரிந்திருக்காது. அதனால் அங்கே தமிழ் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. எருமை வாங்க எங்கள் கிளையில் கடன் வாங்கிய ஒருவர், தவணை கட்ட வந்தபோது பேச்சு வாக்கில், "நான் வெள்ளக்காரங்களுக்குப் பரிசல் ஓட்டறேன் சாரே" என்றார். தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு. இடது கையில் இரண்டு விரல் இல்லை. விசாரித்தேன். இளவயதில் தோட்டா போட்டபோது கையிலேயே வெடித்துவிட்டதாம். "ஆறு வாங்கிக்கிச்சு, விடுங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே என்னை ஆற்றுக்குக் கூட்டிப் போனார். அங்கே பார்த்ததை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை. ராகி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, உருட்டி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு வேக வைக்கிறார்கள். எலுமிச்சை அளவிலிருந்து ஆரஞ்சுப் பழ அளவு வரை உருண்டைகள். அதுதான் இரை. நம் வீட்டுக் களி உருண்டைக்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. பத்துப் பன்னிரண்டு அடி நீளக் கோல், கனத்த நைலான் நரம்பு, ஈயக்குண்டு. பாறை இடுக்கில் உருண்டையைப் போட்டுவிட்டு மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். மீன் கடித்தால் ரீல் அலறும். அது முதலில் ஓடுவது வேகமான நீரை நோக்கித்தான். நரம்பு பாறையில் உரசினால் அறுந்துவிடும். அதனால் தூண்டில்காரரைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு, மீன் போகிற பக்கமெல்லாம் பின்னாலேயே போக வேண்டும். கோல் பிடித்தவர் பெயர்தான் புத்தகத்தில் வரும். மீன் எங்கே நிற்கும், எப்போது கடிக்கும், எந்தப் பாறையைச் சுற்றும் என்று தெரிந்தவர் துடுப்பைப் பிடித்துக்கொண்டு இருப்பார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த வெள்ளைக்காரர்களும் மீனை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். எடை பார்த்து, ஒரு போட்டோ எடுத்து, தண்ணீரிலேயே நின்று மீனைத் தாங்கிப் பிடித்து, அது மூச்சு வாங்கித் தானாக வாலை ஆட்டிக்கொண்டு கிளம்பும் வரை காத்திருந்தார்கள்.

நான் விட்ட குஞ்சுகள்

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் லோனாவ்லாவில் டாடா மின் நிறுவனங்கள் 1970களின் தொடக்கத்திலிருந்தே மாசீர் குஞ்சு பொரிப்பகம் ஒன்றை நடத்தி வந்தன. அணைகள் கட்டியதால் மீன் குறைகிறது, அதை ஈடு செய்ய வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். பெரிய மீன்களிலிருந்து முட்டையும் விந்தும் எடுத்துச் செயற்கையாகக் கருவுறச் செய்து, லட்சக்கணக்கில் குஞ்சுகளை வளர்த்து, கேட்ட மாநிலங்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். அந்தத் தொழில்நுட்பம் ஒரு சாதனை, அதில் சந்தேகமே இல்லை. காவிரிக்கும் அந்த வகைக் குஞ்சுகள் 1970களின் பிற்பகுதியிலிருந்து வந்தன.

1987-ல் ஆற்றங்கரையில் குஞ்சு விடும் நிகழ்ச்சி ஒன்று. உள்ளூர் பிரமுகர்கள் வரிசையில் பாங்கு மேனேஜர் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகள், அதற்குள் விரல் நீளக் குஞ்சுகள். என் கையிலும் ஒரு பையைக் கொடுத்தார்கள். பையைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதக்க விட்டு, பிறகு வாயைத் திறந்துவிட வேண்டும், அப்போதுதான் குஞ்சுக்குச் சூடு பழகும் என்று நான் மற்றவர்களுக்கு விளக்கம் வேறு சொன்னேன். விலங்கியல் பட்டதாரி ஆச்சே! எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "இன்னிக்குக் காவிரிக்கே மீன் கொடுத்துட்டு வந்தேன்" என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

பைக்குள் இருந்தது டார் குத்ரீ. நான் பரீட்சையில் எழுதிய அதே பெயர். கர்னல் சைக்ஸ் என்பவர் 1839-ல் புணே பக்கத்து ஆற்றிலிருந்து விவரித்த இனம் அது. கிருஷ்ணா படுகையின் மீன். இதையும் காவிரி மீனையும் அப்போது யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மாசீர் என்றால் மாசீர், அவ்வளவுதான்.

பரிசல்காரர் சொன்னது

பிறகு ஊர் ஊராக மாற்றல். 2001-ல் மைசூருக்கு வந்தபோது பழைய பரிசல்காரரைத் தேடிப் போனேன். தலை நரைத்திருந்தது, பரிசல் வலிக்கும் தோள் மட்டும் அப்படியே இருந்தது. "மீன் எப்படி இருக்குங்க?" என்று கேட்டேன்.

"மீனுக்கென்ன சாரே, நெறைய இருக்குது. ஆனா நம்ம மீன் இல்ல."

"நம்ம மீன் இல்லைன்னா?"

"திமிலு மீனு சாரே. முதுகுல திமிலு இருக்கும், துடுப்பு நெருப்பு மாதிரி ஆரஞ்சா இருக்கும். அதுல பெருசு மட்டும்தான் எப்பவாச்சும் விழுது. சின்னது கண்ணுலயே படறதில்ல. இப்ப விழறதெல்லாம் நீலத் துடுப்பு. இது வேற சாதி."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, வகுப்பெடுக்கிற தோரணையில் சொன்னேன்: "அப்படி இல்லைங்க. ரெண்டும் ஒரே மீன்தான். குஞ்சா இருக்கறப்போ திமில் தெரியாது. வளர வளரத்தான் வரும். நிறம் தண்ணிக்குத் தக்கபடி மாறும்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "படிச்சவங்க சொல்றீங்க, சரி சாரே" என்று சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நண்பர்களே, அந்த "சரி சாரே" இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. நாற்பது வருஷம் ஆற்றிலேயே கிடந்த மனிதர் கண்ணால் கண்டதைச் சொல்கிறார். மூன்று வருஷம் லேபில் இருந்த நான், காணாததை வைத்து அவர் வாயை அடைத்தேன்.

நோட்டுப் புத்தகம் பேசியது

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. திருப்பியது எந்தப் பெரிய கருவியும் இல்லை, முகாமில் இருந்த நோட்டுப் புத்தகங்கள்.

கலிபோரே முகாமில் தூண்டில்காரர்கள் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், எத்தனை மீன் விழுந்தது, என்ன எடை, எந்த வகை என்பதை எழுதி வைத்திருந்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான பதிவுகள் கிடைத்தன. விளையாட்டுக்காக எழுதிய கணக்கு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டர், கேரளத்தைச் சேர்ந்த ராஜீவ் ராகவன், அவர்களோடு சேர்ந்தவர்கள் அந்தப் பதிவுகளை எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்து, 2015-ல் ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். மொத்தம் 23,620 மணி நேரத் தூண்டில். 6,161 மாசீர்கள். ஒரு பவுண்டிலிருந்து 104 பவுண்டு வரை.

கணக்கு என்ன சொன்னது? நீலத் துடுப்பு மீன்களின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் ஏறியது, அவற்றின் சராசரி எடை குறைந்தது. அதாவது நிறையக் குட்டி மீன்கள் வந்துகொண்டே இருந்தன. திமில் மீன் நேர்மாறு. எண்ணிக்கை சரிந்தது, சராசரி எடை கூடியது. எடை கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஒரு கிராமத்தில் சராசரி வயது கூடிக்கொண்டே போகிறது என்று வையுங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே இல்லை என்று அர்த்தம். கிழடுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன, குஞ்சு மேலே வரவில்லை.

பரிசல்காரர் 2001-ல் என்னிடம் சொன்னதும் இதேதான். ஒரு எழுத்து மாறவில்லை.

காரணம் ஒன்று மட்டும் என்று சொல்ல முடியாது. அணைகள், மணல் எடுப்பு, தோட்டா, குறைந்த நீரோட்டம் எல்லாமே சேர்ந்ததுதான். ஆனால் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மாசீர், உள்ளூர் மாசீரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதையும் ஆய்வாளர்கள் முக்கியமான காரணமாகச் சுட்டிக்காட்டினார்கள். நான் வாயைத் திறந்துவிட்ட அந்தப் பையும் அதில் ஒன்று. ஒரு பையால் ஆறு கெடாது என்று நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். பையைத் திறந்த ஒவ்வொருவரும் அப்படித்தானே சொல்லியிருப்போம்?

பெயரே இல்லாத மீன்

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தாமஸ் புத்தகம் எழுதிய காலத்திலிருந்து கணக்குப் போட்டால் நூற்று நாற்பது வருஷத்துக்கும் மேல், உலகமெல்லாம் பேசிய இந்தத் திமில் மீனுக்கு அறிவியல் பெயர் எது என்பதே தீராமல் கிடந்தது. பெயர் உறுதியாகாத உயிருக்குச் சட்டத்தில் பாதுகாப்புக் கேட்பது எப்படி? ரேஷன் கார்டு இல்லாதவன் அரிசி கேட்ட கதைதான்.

விடை கிடைத்தது பெரிய மடுக்களில் இல்லை, சின்ன ஆறுகளில். கேரள மலைகளில் பிறந்து நம் அமராவதியில் வந்து சேர்கிற பாம்பாற்றில் கிடைத்த சிறிய மீன்களை வைத்து, 2007-ல் கேரள ஆய்வாளர்கள் இருவர் ஒரு புதிய மாசீர் இனத்தை விவரித்திருந்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த மீன் அறிஞர் கே. ரேமா தேவி அவர்களின் பெயரால் 'டார் ரேமாதேவி' என்று பெயர் வைத்தார்கள். அமராவதி காவிரியின் கிளை ஆறு. சின்ன மீன் என்பதால், காவிரியின் ராட்சத மீனோடு அதைச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பிறகு மாயாற்றிலிருந்து மாதிரிகள் எடுத்து, உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றே என்று 2018-ல் அறிவித்தார்கள். அந்தக் குழுவில் நம் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரும் இருந்தார் என்பது நமக்குப் பெருமை. அதே வருஷம் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இந்த மீனை 'மிக அபாயத்தில் உள்ள இனம்' என்று பட்டியலில் சேர்த்தது. அழிவுக்கு ஒரு படி முன்னால் உள்ள நிலை அது.

மாயாறு! அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு நம் லேப் அலமாரிதான் கண் முன்னால் வந்தது. மாயாறு, தெங்குமரஹாடா. இனம்?

தூண்டிலும் சட்டமும்

இடையில் இன்னொன்றும் நடந்தது. முகாம்கள் இருந்த பகுதி 1987-லேயே காவிரி வனவிலங்குச் சரணாலயம் ஆனது. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையில் சேர்ந்ததே என்ற நிலைப்பாடு வந்தது. 2012-ஓடு அங்கே தூண்டில் நின்றது. முகாம்களில் இப்போது யானை, பறவை பார்க்கிறார்கள்.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மானுக்கு ஒரு சட்டம், மீனுக்கு ஒரு சட்டமா, உதட்டில் முள் குத்தி இழுப்பது பாதுகாப்பா என்று கேட்பவர்கள் தப்பாகக் கேட்கவில்லை. தூண்டில்காரர் இருந்தவரை ஆற்றங்கரையில் ஆள் நடமாட்டம் இருந்தது, தோட்டாக்காரன் பயந்தான், ராகி உருட்டிய குடும்பங்களுக்குச் சம்பளம் இருந்தது, கணக்கெழுத நோட்டுப் புத்தகம் இருந்தது என்று சொல்கிறவர்களும் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். 2012-ல் தூண்டிலோடு சேர்ந்து அந்தக் கணக்கும் நின்றது. தூண்டிலை நிறுத்தும்போது, ஆற்றில் என்ன இருக்கிறது என்று வருஷா வருஷம் எண்ணிப் பார்க்க வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

2019-ல் பரிசல்காரரைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தொட்டுவிட்டார். கண் மங்கல், பேச்சு மட்டும் தெளிவு. திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க சொன்னதுதாங்க சரி. ரெண்டும் வேற வேற மீனாம். ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிட்டாங்க. அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றேன்.

"இதச் சொல்லவா சாரே இத்தன தூரம் வந்தீங்க?" என்று பொக்கை வாயால் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "பேரு வெச்சாங்களா அதுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "பொம்பளப் புள்ள பேரா? நல்லதுதான். பொழச்சுக்கும்" என்றார்.

ஒரு வேண்டுகோள்

போன வருஷம் இந்தச் சந்திப்பு ஏற்பாட்டுக்காக நம் துறைக்குப் போனேன். அலமாரி அதே ஜன்னலோரம்தான். சாடியில் ஃபார்மலின் மஞ்சளாகி, பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. மீன் வெளுத்துப் போயிருந்தது. லேபிளில் ஊர் பெயர் அரைகுறையாகத் தெரிந்தது. ஐயா போட்ட கேள்விக்குறி மட்டும் தெளிவாக இருந்தது. அன்று அவரும் என்னைப் போலப் புத்தகத்தைப் பார்த்து ஒரு பெயரை எழுதியிருந்தால், அந்தச் சாடியை இன்று யாரும் மறுபடி திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிருக்கும்.

எங்கள் 1975-78 பேட்ச் சார்பில் அந்த அலமாரிக்குப் புதிய சாடிகளும், பழைய மாதிரிகளைக் காப்பாற்றத் தேவையான செலவும் தருவதாகத் துறைத்தலைவரிடம் சொல்லியிருக்கிறோம். மாணவர்கள் செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, அந்தச் சாடியை எடுத்து, துடுப்பையும் செதிலையும் எண்ணி, 2018-ல் வந்த விவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது டார் ரேமாதேவியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எதுவாக இருந்தாலும் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். இரண்டாவது, மாயாறு இன்று அந்த மீனுக்கு மிஞ்சியிருக்கிற கடைசிப் புகலிடங்களில் ஒன்று. வனத்துறை அனுமதியோடு, ஆசிரியர் துணையோடு போய், கரையில் இருக்கிற பெரியவர்களிடம் என்ன மீன் முன்பு இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டு, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் பேசும்போது குறுக்கே வகுப்பெடுக்காதீர்கள். அந்த வேலையை நான் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டேன்.

சந்திப்புக்கு வருகிற நண்பர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நடை லேபுக்கு வந்து அலமாரியைப் பார்த்துவிட்டுப் போக வேண்டுகிறேன். சாப்பிட்ட பிறகு வேண்டாம். ஃபார்மலின் வாசனை அப்படியேதான் இருக்கிறது.

— விலங்கியல் மாணவன், 1975-78